கலிங்கு இல்லாத கண்மாய்: பாலைவன ஏரியின் நிலத்தை வகுப்பில் எப்படி நடத்துவது?

காரைக்குடி_புவியியல்

ஒன்பதாம் வகுப்புக்கு 4 பாடவேளை இருக்கிறது. பாலைவன ஏரி ஒன்றின் நிலம் எப்படி உருவானது என்று நடத்த வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் ஏரியை எடுக்கலாம் என்று எண்ணம். நிலப்பிளவு, பழைய பெரிய ஏரி, உடைப்பு வெள்ளம், அலை வெட்டிய படிகள், உப்பு என எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் நாட்டுக்கு ராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரியையும் சேர்க்கலாம்.

செட்டிநாட்டுப் பிள்ளைகள் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. வறண்ட கண்மாயைப் பார்க்காத பிள்ளை கிடையாது. எதில் தொடங்கலாம்? எந்த மாதிரி உண்மையிலேயே வேலை செய்யும், எது சொதப்பும்? தனி லேப் இல்லை. மேசை, வாளி, மணல் உண்டு.

வரத்துக்கால்

கலிங்கில் தொடங்குங்கள் டீச்சர். மலை, எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் பிறகு வரட்டும்.

நம்மூர்க் கண்மாயில் வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது. நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது, கடைசியில் பாக் நீரிணையில் சேர்கிறது. நீர் போகும்போது கரைந்த உப்பும் கூடவே போய்விடும். பாலைவன ஏரிக்குக் கலிங்கும் இல்லை, மடையும் இல்லை. வந்த நீர் ஆவியாகத்தான் வெளியேற வேண்டும், உப்பு ஆவியாகாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் ஏரி ஏன் விரிகிறது, ஏன் சுருங்குகிறது, ஏன் கரிக்கிறது என்பதற்கெல்லாம் பிள்ளைகளே காரணம் சொல்வார்கள்.

பலகையில் ஒரு கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் கன மீட்டர் நீர் வருகிறது. ஆவியாதலில் மழையைக் கழித்தால் மீதி 1.25 மீட்டர். ஏரி எந்தப் பரப்பில் நிலைக்கும்? 10 லட்சத்தை 1.25-ஆல் வகுத்தால் 8 லட்சம் சதுர மீட்டர், அதாவது 80 ஹெக்டேர். வரத்து இரட்டித்தால் 160 ஹெக்டேர். ஏரியின் அளவைத் தீர்மானிப்பது பள்ளத்தின் ஆழமல்ல, வரத்துக்கும் ஆவியாதலுக்கும் உள்ள விகிதம் என்று அப்போது புரியும். அதே நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்பு இருந்தால் ஆண்டுக்கு 200 டன் வந்து தங்கும். ஆயிரம் ஆண்டுக்கு எவ்வளவு என்று அவர்களே பெருக்கட்டும்.

மழையே இல்லாத இடத்தில் ஏரி எப்படி என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். ஏரி இருக்கும் இடத்தில்தான் மழை குறைவு, நீர் மலையிலிருந்து வருகிறது. கிரேட் சால்ட் ஏரிக்கு பேர், வெபர், ஜோர்டான் ஆறுகள் கிழக்கு மலைகளின் பனி உருகிய நீரைக் கொண்டுவருகின்றன.

செம்பாறாங்கல்

கலிங்கில் தொடங்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே கலிங்கு ஏன் இல்லை என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. நம் கண்மாயில் ஒரு பக்கம் மனிதர் போட்ட கரை. அங்கே பூமியே இழுபட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறது.

மேற்கு அமெரிக்காவின் அந்தப் பகுதி சுமார் 1.7 கோடி ஆண்டுகளாகக் கிழக்கு மேற்காக இழுபட்டு வருகிறது. நிலம் துண்டு துண்டாகப் பிளந்து, சில துண்டுகள் மலையாக நிற்கின்றன, இடையில் உள்ளவை இறங்கிப் பள்ளமாகிவிட்டன. ஏரியின் கிழக்கே உள்ள வாசாட்ச் பிளவு 350 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பள்ளங்களில் மலையிலிருந்து வந்த வண்டல் கிலோமீட்டர் கணக்கில் நிரம்பியிருக்கிறது. இன்று தெரியும் தட்டையான தரை அந்த வண்டலின் மேல்முகம்தான்.

இதற்கு மணல் பெட்டி செய்யலாம். 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே ஒட்டுப்பலகையில் இரண்டு 'ட' வடிவத் துண்டுகள்: ஒன்று நிலையானது, மற்றது நகர்வது. நகரும் துண்டின் அடிப்பலகை மற்றதன் அடிப்பலகைக்குக் கீழே நுழைந்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த நைஸ் மணலை 1 செ.மீ. பரப்பி, கண்ணாடி ஓரமாகக் கோலமாவை மெல்லிசாகத் தூவி, மறுபடி மணல். மொத்தம் 5 செ.மீ. உயரம். நகரும் துண்டை மெதுவாக 3 செ.மீ. இழுங்கள். நடுவில் சுமார் 6 செ.மீ. அகலத்தில் பள்ளம் இறங்கும். இரு பக்கமும் ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் பிளவுகள் கோலமாவுக் கோடுகளை வெட்டியிருப்பது தெரியும்.

பலர் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை மட்டும் வைத்து உருவுகிறார்கள். அப்படிச் செய்தால் முனையில் உள்ள பலகை அசையாது, மணல் அங்கே போய் மோதிக் குவியும். பள்ளம் காட்ட வந்தது மேடு காட்டும். மணலில் ஈரம் இருந்தாலும் கெட்டுவிடும்: சாய்வான பிளவுக்குப் பதில் செங்குத்தான வெடிப்புதான் வரும், ஈரம் துகள்களை ஒட்ட வைப்பதால். அரிசி மாவுக் கோலப்பொடி வேண்டாம், கட்டி பிடிக்கும். கல் மாவுதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்மண்ணைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் சிவப்பு என்றாலே பாலைவனம் என்று எழுதுவார்கள். செம்பாறாங்கல் வெப்பமும் மழையும் சேர்ந்து உண்டாக்கியது. மழை கரையக்கூடியதையெல்லாம் அடித்துக்கொண்டு போய், மிஞ்சியது இரும்பும் அலுமினியமும். பாலைவன ஏரி கரைந்து வந்ததெல்லாம் தங்கும் இடம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் குழப்பம் தீரும்.

மணல்தட்டு

மலைச்சரிவில் தெரியும் படிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த ஏரியில் பாடமே அதுதான்.

இன்றைய ஏரி ஒரு மிச்சம். பனியுகத்தின் பிற்பகுதியில் அங்கே போனவில் ஏரி இருந்தது: சுமார் 51,000 சதுர கி.மீ. பரப்பு, 300 மீட்டருக்கு மேல் ஆழம். அதன் உச்சக் கரைக்கோடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டரில் ஓடுகிறது. இன்றைய ஏரி சுமார் 1,280 மீட்டரில் கிடக்கிறது. இடையில் 1,450 மீட்டரை ஒட்டி ப்ரோவோ கரைக்கோடு என்று இன்னொரு அகலமான படி. அமெரிக்கப் புவியியலாளர் ஜி. கே. கில்பர்ட் 1890-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படிகளை வைத்துத்தான் எழுதப்பட்டது.

செய்முறை: 80 × 45 × 15 செ.மீ. தட்டு. மாவுச் சல்லடையில் சலித்த ஆற்று மணல் 8 பங்கு, செம்மண் 1 பங்கு. கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம். தட்டின் ஒரு பாதியில் 25 முதல் 30 பாகைச் சரிவாக மலை கட்டுங்கள். மறுபாதியில் 9 செ.மீ. உயரத்துக்கு நீர். 40 செ.மீ. பலகைத் துண்டை விநாடிக்கு ஒருமுறை மெதுவாக அசைத்து 5 நிமிடம் அலை எழுப்புங்கள். பிறகு 6 மி.மீ. ரப்பர் குழாயால் 2.5 செ.மீ. நீரை வாளிக்கு இறக்கி, 3 நிமிடம் பொறுத்து, மீண்டும் அலை. மூன்று முறை செய்தால் மூன்று படிகள். அறையை இருட்டாக்கி, போனின் டார்ச்சை மேசை மட்டத்தில் பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு படியும் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது.

நீரை அவசரமாக இறக்கினால் சரிவு மொத்தமாக உட்கார்ந்துவிடும். மணலுக்குள் தேங்கிய நீர் வெளியே தள்ளிக்கொண்டு வருவதுதான் காரணம். செம்மண் கூடினால் நீர் கலங்கி அலை வெட்டுவதே தெரியாது. எம்-சாண்ட் வேண்டாம். அதன் துகள் கூர்மையானது, ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், அலைக்கு அசையாது.

வரத்துக்கால்

அந்தத் தட்டிலேயே உடைப்பையும் காட்டலாம். போனவில் ஏரி ஏறி ஏறி, இடாஹோவில் ரெட் ராக் கணவாயை எட்டியது. அங்கே தடுத்து நின்றது மலையடிவாரத்து வண்டல் விசிறி, அதாவது மலையோடை கொண்டுவந்து விசிறிபோல் பரப்பிய வண்டல். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் நீர் அதன்மேல் வழிந்து அரித்து, ஏரி மட்டம் 100 மீட்டருக்கு மேல் இறங்கியது. உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் ஸ்நேக் ஆற்றுக்குள் பாய்ந்திருக்கும் என்பது மதிப்பீடு. அரிப்பு கெட்டிப் பாறையை எட்டியதும் நின்றது. அதன்பின் ஏரி நெடுங்காலம் அந்த மட்டத்தில் வழிந்துகொண்டே இருந்ததால்தான் ப்ரோவோ படி அவ்வளவு அகலம்.

ஆக, இந்த ஏரிக்குக் கொஞ்ச காலம் கலிங்கு இருந்திருக்கிறது. பிறகு பருவநிலை வறண்டு, மட்டம் கணவாய்க்குக் கீழே போனதும் கலிங்கு மூடியது, உப்பு சேரத் தொடங்கியது.

தட்டின் ஓரத்தில் 8 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, அந்த வாயின் அடியில், தட்டின் விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே ஒரு தட்டைக் கல்லைப் பதித்து, அதன்மேல் ஈரமணலால் அணை போடுங்கள். நீரை மெதுவாக ஏற்றி வழிய விட்டால் அணை அறுத்துக்கொண்டு போகும், கல்லில் வந்து நிற்கும். கல்லை மறந்தால் தட்டு முழுவதும் வடிந்துவிடும். ப்ரோவோ மட்டம் என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

காரைக்குடி_புவியியல்

நன்றி. இது வகுப்புக்கு நேராகப் போகும். ஒரு சந்தேகம்: ஏரிப் படிகள் எல்லாம் நீர்மட்டத்தில் வெட்டப்பட்டவை என்றால் ஒரே கரைக்கோடு எங்கும் ஒரே உயரத்தில்தானே இருக்க வேண்டும்? சில இடங்களில் உயரம் மாறுகிறதே.

செம்பாறாங்கல்

மாறத்தான் வேண்டும். 300 மீட்டர் நீரின் எடை பூமியின் மேலோட்டை அழுத்தியிருந்தது. நீர் போனதும் நிலம் நிமிர்ந்தது. ஏரியின் நடுப்பகுதியில் இருந்த மலைகளில் போனவில் கரைக்கோடு, ஓரத்தில் உள்ளதைவிடச் சுமார் 70 மீட்டர் உயரமாக நிற்கிறது. கில்பர்ட்டே இதைக் கண்டுபிடித்தார்.

இதற்கு ஸ்பாஞ்ச் மாதிரி செய்ய வேண்டாம். ஸ்பாஞ்ச் உடனே எழும்பிவிடும், நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டு எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் மனதில் தவறான காலம் பதியும். வரைபடத்தாளில் ஓரம், நடு, மறு ஓரம் என்று கரைக்கோட்டின் உயரங்களைப் புள்ளி வைத்து இணைக்கச் சொல்லுங்கள். கோடு நடுவில் வளைந்து மேலே போகும். "நீர்மட்டம் வளையுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

உப்பளம்

உப்புக்கு வருவோம். தொண்டியிலிருந்து 5 லிட்டர் கடல்நீர் எடுத்து வந்து ஆவியாக்கினால் உப்புகள் வரிசையாகப் படிவதைக் காட்டலாம். கொள்ளளவு ஏறக்குறைய பாதியானதும் கால்சைட் (கால்சியம் கார்பனேட்), ஐந்தில் ஒரு பங்கானதும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்), பத்தில் ஒரு பங்கானதும் சாப்பாட்டு உப்பு. 5 லிட்டரில் கால்சைட் அரை கிராம்தான் இருக்கும், மங்கலான படலமாகத் தெரியும். ஜிப்சம் ஊசி ஊசியாக 8 கிராம் அளவுக்கு. சாப்பாட்டு உப்பு 130 கிராமைத் தாண்டும், கனசதுரக் கட்டிகளாக.

அகலமான கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் வேண்டும். அலுமினியம் அரித்துவிடும். அடுப்பில் வைக்க வேண்டாம்: கொதித்தால் படிகம் வளர நேரம் கிடைக்காது, எல்லாம் பொடியாக விழும். சித்திரை வெயிலில் மாடியில், தூசி விழாமல் வலைத்துணி கட்டி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தெளிந்த நீரை அடுத்த பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். ஒரே பாத்திரத்தில் விட்டால் ஜிப்சத்தின் மேல் உப்பு மூடிவிடும், வரிசை தெரியாது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீர் லேசில் காயாது, அதில் மெக்னீசியம் உப்பு இருப்பதால்.

வரத்துக்கால்

உப்பளம் சார், செய்முறை அருமை. ஆனால் கடல்நீரை வைத்துக் காட்டினால் பிள்ளைகள் "பழைய கடல் அடைபட்டு ஏரியானது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். உப்பு ஏரி என்றாலே இந்தத் தவறுதான் முதலில் வரும். கிரேட் சால்ட் ஏரியின் உப்பு ஆறு கொண்டுவந்த உப்பு.

உப்பளம்

நியாயமான எச்சரிக்கை. அப்படியானால் கடல்நீர் என்பது வரிசையைக் காட்ட மட்டும் என்று முதலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். ஏரிக்கு ஏரி வரிசையும் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். முதலில் படிவது கால்சியம் கார்பனேட். வந்த நீரில் கார்பனேட்டைவிடக் கால்சியம் கூடுதல் என்றால் மீதிக் கால்சியம் ஜிப்சமாகும். கார்பனேட் கூடுதல் என்றால் கால்சியம் அங்கேயே தீர்ந்து, ஏரி சோடா ஏரியாகும். கலிபோர்னியாவின் மோனோ ஏரி இரண்டாவது வகை. தொடக்கத்தில் இருந்த சின்ன வித்தியாசம் முடிவில் முற்றிலும் வேறு ஏரியைத் தருகிறது. 11-ஆம் வகுப்பு வேதியியல் பிள்ளைகளுக்கு இதுவே தனிப் பாடம்.

சாம்பரின் நீரில் சாப்பாட்டு உப்போடு சோடியம் சல்பேட்டும் கார்பனேட்டும் உண்டு. அதன் உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு நெடுநாளாக இருக்கிறது. குஜராத்தின் உப்புச் சமவெளியான கட்ச் ரண்ணிலிருந்து காற்று அள்ளி வந்தது என்று ஹாலண்ட், கிறிஸ்டி என்ற ஆய்வாளர்கள் 1909-இல் எழுதினார்கள். சுற்றுப்புறப் பாறைகள் சிதைந்து மேந்தா, ரூபன்கர் ஆறுகள் வழியாக வந்து செறிந்தது என்பது மற்றக் கட்சி. இரண்டுக்கும் என்ன சான்று வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்கலாம்.

மணல்தட்டு

மோனோ பேச்சு வந்ததால் சொல்கிறேன். அங்குள்ள டூஃபா என்னும் சுண்ணாம்புக் கோபுரங்கள் ஏரிக்கு அடியில் வளர்ந்தவை. கால்சியம் உள்ள ஊற்று நீர் அடியிலிருந்து கிளம்பி, கார்பனேட் நிறைந்த ஏரி நீரைத் தொட்ட இடத்தில் படிந்தவை. 1941 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஓடைகளைத் திருப்பியதால் ஏரி இறங்கி, அவை வெளியே தெரிகின்றன.

கண்ணாடித் தொட்டியில் சலவைச் சோடா 10 சதவீதக் கரைசல். அடியில் 3 செ.மீ. மணல். மணலுக்குள் புதைத்த மெல்லிய குழாய் வழியாக 3 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மருத்துவமனைச் சொட்டுக்குழாயின் திருகு இதற்கு ஏற்றது. கால்சியம் நீர் எடை குறைந்தது என்பதால் மேலே எழும்பும், எழும்பும் வழியெல்லாம் வெள்ளையாகப் படியும். இரண்டையும் ஒரே அடர்த்தியில் வைத்தால் எழும்பாது, அடியிலேயே சேறாகக் கிடக்கும். ஆப்பச் சோடா போட்டால் குமிழி கிளம்பிக் கலைத்துவிடும். படிவது மென்மையான செதில்தான், கோபுரம்போல் இறுகாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு சோடா நீரை உறிஞ்சி இறக்கினால், கோபுரம் வளர்ந்ததும் வெளிப்பட்டதும் வெவ்வேறு காலம் என்பது புரியும். சோடா கண்ணில் படக் கூடாது, கண்ணாடி அணியட்டும்.

பள்ளத்தூர்_டீச்சர்

மாதிரிகளுக்கு முன்னால் கண்மாய்க்கு ஒரு நடை போங்கள். வைகாசியில் வற்றிய கண்மாயில் பாதிப் பாடம் தரையிலேயே கிடக்கிறது. கரையின் உட்சரிவில், அலைகல் (அலை அரிக்காமல் பதித்த கல்) இல்லாத இடங்களில், நீர் தங்கித் தங்கி இறங்கிய கோடுகள் படிப்படியாக இருக்கும். வரத்துக்கால் வாயில் பருமணலும் சரளையும், கரையோரம் நைஸ் வண்டலும். இரண்டு இடத்திலும் முழங்கால் ஆழம் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கை: மண் அள்ளிய குழிகள் உள்ள கண்மாயைத் தவிர்த்துவிடுங்கள். அடுக்குகள் கலைந்திருக்கும், ஆபத்தும்கூட.

முந்தியது எது, பிந்தியது எது என்று கற்பிக்க மாட்டுக் குளம்புத் தடம் போதும். வெடிப்பு தடத்தின் குறுக்கே ஓடினால், சேறு ஈரமாக இருந்தபோது மாடு நடந்திருக்கிறது, வெடிப்பு பிறகு வந்தது. வெடித்த ஓட்டின் விளிம்பு நொறுங்கியிருந்தால் மாடு பிறகு வந்தது. இதே கண்ணோடு போனவில் படங்களைப் பார்க்கட்டும். வண்டல் விசிறியைக் கரைக்கோடு வெட்டியிருந்தால் விசிறி பழையது. விசிறி கரைக்கோட்டை மூடியிருந்தால் விசிறி புதியது. பிளவு படியை வெட்டியிருந்தால் ஏரி போன பிறகும் நிலநடுக்கம் வந்திருக்கிறது. தேர்வுக்கும் இதையே வையுங்கள்: ஒரு படம், மூன்று நிகழ்வு, வரிசைப்படுத்திக் காரணம் எழுது.

காரைக்குடி_புவியியல்

அப்படியானால் முதல் நாள் கண்மாயும் கலிங்குக் கணக்கும், இரண்டாம் நாள் மணல் பெட்டி, மூன்றாம் நாள் அலைத்தட்டும் உடைப்பும், நான்காம் நாள் உப்பு. உப்புப் பாத்திரங்களை முன்கூட்டியே மாடியில் வைத்துவிட வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் ஏரியின் வடபாதி இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, அதை எந்த நாளில் சொல்வது?

வரத்துக்கால்

நான்காம் நாளில். 1959-இல் ரயில்பாதைக்காகப் போட்ட கரை ஏரியை இரண்டாக்கியது. ஆறுகள் விழுவது தென்பாதியில், வடபாதிக்குப் பெரிய வரத்து இல்லை. அங்கே உப்பு 25 சதவீதத்துக்கும் மேல் ஏறி, அதைத் தாங்கும் நுண்ணுயிர்கள்தான் நிறம் தருகின்றன. ஆழ வித்தியாசம் என்றோ சாயக்கழிவு என்றோ எழுதுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பரிலும் குறுக்கே ஒரு கல்லணை உண்டு, இரு பக்கமும் நிறம் வேறு. இரண்டு படத்தையும் ஒன்றாகக் காட்டுங்கள்.

1986–87-இல் கிரேட் சால்ட் ஏரி ஏறக்குறைய 1,284 மீட்டர் வரை ஏறியது, 2022-இல் 1,277-க்குக் கீழே இறங்கியது. வித்தியாசம் 7 மீட்டர்தான். பரப்போ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. அடி தட்டையாக இருந்தால் அப்படித்தான். முதல் நாள் போட்ட கணக்கை அங்கே மறுபடி எடுங்கள். ஆற்று நீரை விவசாயத்துக்கும் நகரத்துக்கும் திருப்பியதால் வரத்து எவ்வளவு குறைந்தால் பரப்பு எவ்வளவு குறையும் என்று போடட்டும்.

மணல்தட்டு

அலைத்தட்டு மணலை உப்புப் பாடத்துக்குப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப அலைக்கு எடுக்க வேண்டாம். உப்பேறிய மணல் காய்ந்தால் ஓடு பிடித்து, அலை வெட்டாது. இரண்டு சாக்கு தனித்தனியாக வைத்து, மேலே எழுதிவிடுங்கள்.